மார்ச் மாதத்து ஊருணிகள்

கல்லுக்கட்டிக்குக் கிழக்கே, பாத்திரக்கடை மாடியில்
எங்கள் ஆபீஸ். மின்விசிறி ஒன்று, கணினி மூன்று.
கீழே எவர்சில்வர் குடத்தைத் தட்டித் தட்டிப்
பார்த்து வாங்கும் சத்தம், நாள் முழுக்க.

தாலுகாவின் ஊருணிகளை ஒரே பட்டியலில் தர வேண்டும்.
நான்கு ஆவணக் களஞ்சியங்கள், நான்கு கடவுச்சொற்கள்.
வருவாய், பொதுப்பணி, நகராட்சி,
பிறகு கானாடுகாத்தான் பக்கம் ஓர் அறக்கட்டளை
பழைய கணக்கேடுகளை ஸ்கேன் செய்து ஏற்றி வைத்தது.
ஒருவர் கதவை இன்னொருவர் தட்டியதே கிடையாது.

ஒன்றில் பரப்பு என்றிருக்கும், ஒன்றில் விஸ்தீரணம்,
ஒன்றில் ஏரியா. அறக்கட்டளையில்
தலைப்பே இல்லாமல் குழிக்கணக்கு.
ஹெக்டேரை ஏக்கராக்கி, ஏக்கரைக் குழியாக்கி,
சாம்பார் சாதம் ஆறிப்போன மதியங்கள் எத்தனையோ.
ஊருணி, ஊரணி, ஊரிணி, ஓரிடத்தில் ஊறுணி:
எல்லாம் ஒரே தண்ணீர்தான் என்று
குவெரிக்கு நான்தான் எழுதிக் கொடுத்தேன்.
பெயரை நம்ப முடியாது.
சர்வே எண்ணை நம்பினேன்.

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு
நான்கும் ஒன்றாக வந்து விழுந்தன.
நூற்றுப் பதினேழு வரிசை.
முத்தழகர் சார் பின்னால் நின்று பார்த்தார்.
"ஏம்மா, இதென்ன மார்ச் பன்னிரண்டு?"

சர்வே எண் 12/3.
கணினி அதைத் தேதி என்று எடுத்துக்கொண்டிருந்தது.
கருப்பர் ஊருணி, மார்ச் பன்னிரண்டு.
வண்ணான் ஊருணி, மார்ச் பதினெட்டு.
ஜூன் ஒன்பதுக்குப் படித்துறை இரண்டு,
வரத்து வாய்க்கால் ஒன்று, ஆக்கிரமிப்பு கொஞ்சம்.
13/14 மட்டும் தப்பித்தது,
வருஷத்தில் பதினாலாவது மாசம் இல்லாத புண்ணியத்தில்.

சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.
இங்கே மார்ச்சில் ஊருணியில் என்ன கிடக்கும்?
வெடித்த சேறு, ஒற்றைச் செருப்பு,
பையன்கள் ஊன்றிவிட்டுப் போன ஸ்டம்ப்.
என் திரையில் மட்டும்
மார்ச் முழுக்கத் தண்ணீர்.
பன்னிரண்டாம் தேதி குளிக்கலாம்,
பதினெட்டாம் தேதி குடம் எடுத்துப் போகலாம்.
ஒரு நிமிஷம் திருத்தாமல் வைத்திருந்தேன்.

சிவகங்கைக்குப் போன். களஞ்சியச் சாவியெல்லாம்
பெனாசிரிடம்தான்.
"சேர்த்த பிறகு திருத்தினா தேறாது அக்கா.
சேர்க்கிறதுக்கு முன்னாடியே, ஒவ்வொரு எடத்திலயும்
இது எண் இல்ல, எழுத்துன்னு சொல்லிடுங்க."
நாலு இடத்திலும் சொன்னேன்.
மார்ச் வற்றியது.
தேதிகள் மறுபடி நிலமாகின.

ஒரு வரிசை மட்டும் எதனோடும் சேராமல் நின்றது.
எண் இல்லை, பரப்பு இல்லை, பெயர்க் கட்டமும் காலி.
நகராட்சிக் களஞ்சியத்தில் ஒரே ஒரு கோப்பு:
'போட்டோ புதுசு 2'.
திறந்தால் தண்ணீர், விளிம்பு வரைக்கும்.
கரையில் ஒரு பழைய டி.வி.எஸ். வண்டி,
நம்பர் பிளேட்டில் பாதி வெயில்.

"பூஜ்யம் போட்டுடும்மா, மொத்தம் கூட்டணும்" என்றார் சார்.
பூஜ்யம் என்றால்
யாரோ போய்ப் பார்த்து, இல்லை என்று சொன்னது.
காலி என்றால் இன்னும் யாரும் போகவில்லை.
இதை அவருக்கு விளக்கி முடிப்பதற்குள்
கீழே மூன்று குடம் விற்றிருக்கும்.

காலியாகவே அனுப்பினேன்.
விடிகாலை ஐந்தரைக்கு அது தானாகவே
நான்கு கதவையும் தட்டிக் கேட்டு வரும்,
ஞாயிற்றுக்கிழமையானாலும்.

கோட்டையூர் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது.
பள்ளமாகத் தெரிந்த இடத்திலெல்லாம்
அந்த டி.வி.எஸ். வண்டி நிற்கிறதா என்று
பார்த்துக்கொண்டே போனேன்.